மஞ்சளுக்குப் பதில் ரோஸ்

அச்சு மை துடைக்கும் தின்னர் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முதலில் வெட்கம்தான் வரும். தலைவலி அதற்குப் பிறகு. போன மாதம் லண்டன் ஹரோவில் உங்கள் வடிவமைப்பு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தேன். சுத்தமான மேசைகள், பெரிய திரைகள், மைக்கறை படாத விரல்கள். பின்னறையில் யாரோ ஒரு பழைய அலமாரியைத் துடைக்கத் தின்னர் டப்பாவைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் உங்களில் ஒருவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். புதிய உடுப்புக் கடை ஒன்றுக்கான வடிவமைப்பு. சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. மூன்றும் பளிச்சென்று, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"எப்படி அங்கிள்?" என்று கேட்டீர்கள்.

"இந்த நிறங்களை யார் கேட்டது? ஏன் கேட்டார்?" என்றேன்.

"கிளையன்ட் கேட்டார், அவ்வளவுதான்" என்று சிரித்தீர்கள். நான் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லாமல் வந்ததை இன்று எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. ஹவுன்ஸ்லோவில், இறங்கும் விமானங்கள் கூரையை உரசிவிடும்போலத் தோன்றும் ஒரு தெருவில் எங்கள் அச்சகம் இருந்தது. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதன் வழியாக மையைத் தள்ளி, ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் என்று அச்சடிக்கும் வேலை. வடிவம் போடுவது நான். மை கலந்து அச்சடிப்பது செல்வம் அண்ணை. முதலாளி ஓர் ஐரிஷ் பெண்மணி, பெயர் வேண்டாம். அவருக்கு இரண்டு விதிகள். வாடிக்கையாளர் கொண்டுவரும் மாதிரியை வேலைச் சீட்டில் ஊசியால் குத்தி வைக்க வேண்டும், பொருளோடு அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது முதலாவது. இரண்டாவதை விதி என்று அவர் சொன்னதில்லை, ஆனால் வாரம் ஒருமுறையாவது சொல்வார்: மூன்று பளிச் நிறங்களை ஒன்றாகக் கேட்டு வருகிறவரைக் கவனி. ஒரு நிறம் அவருக்குப் பிடித்தது. ஒன்று வீட்டில் இருப்பவருக்குப் பிடித்தது. மூன்றாவதுக்கு ஒரு காரணம் இருக்கும், அதை உன்னிடம் சொல்ல மாட்டார்.

அந்த மூன்றாவது நிறத்தைத் தேடுவதுதான் வடிவமைப்பு என்று நான் நம்பினேன். எனக்கு இருபத்தாறு வயது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் என் அகதி விண்ணப்பக் கோப்பு ஏதோ ஒரு மாடியில் ஏதோ ஓர் அலமாரியில் கிடந்தது. தபால்காரரின் காலடிச் சத்தம் கேட்டாலே கதவருகே போய் நிற்பேன். அப்படிப்பட்டவனுக்கு எதைத் தேடினாலும் சந்தேகம்தான் முதலில் கையில் அகப்படும்.

மலரக்கா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் ஷிப்ட் வேலை. தலையில் அணியும் வலைத்தொப்பியின் தடம் நெற்றியில் கோடாகக் கிடந்தது. சந்தையில் ஒரு மூலைக் கடை எடுத்திருப்பதாகவும், பிள்ளைகளின் சட்டைகளைத் தானே தைத்து விற்கப் போவதாகவும் சொன்னார். கடைக்கு இருநூறு பைகள் வேண்டும். பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளங்கையளவு. சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று கீற்றுகள் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன.

"இதே நிறம். கொஞ்சம் கூட மாறக்கூடாது தம்பி."

"மஞ்சளைக் கொஞ்சம் குறைச்சால் எழுத்து வடிவாய்த் தெரியும் அக்கா."

"எழுத்துத் தெரியாட்டிலும் பரவாயில்லை. நிறம் தெரியவேணும். தூரத்திலை நிண்டு பார்த்தாலும் தெரியவேணும்."

கடை வைத்திருப்பவர் யாராவது எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பாரா? நான் தலையை ஆட்டிக்கொண்டேன். அடுத்துச் சொன்னது இன்னும் விசித்திரம்.

"சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்குக் கையிலை வேணும். கடைக்கு வேண்டாம். எயார்போட்டுக்கு, ஆக்கள் வெளியிலை வாற இடத்துக்குக் கொண்டு வாங்கோ."

"அங்கை ஏன் அக்கா?"

"எனக்கு ஷிப்ட் முடியிற நேரம்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மேசையில் கிடந்த அளவுகோலைப் பார்த்துச் சொன்னார்.

வேலைச் சீட்டில் துணித்துண்டைக் குத்தி உள்ளே கொண்டுபோனேன். செல்வம் அண்ணை அதைப் பார்த்ததும் கையிலிருந்த மைக்கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய வலது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு உண்டு. இலங்கையில் எந்தப் போராளி இயக்கத்தில் இருந்தார் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்தக் காலத்து லண்டனில் நம்மவர்கள் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால்கூட யார் எந்த மேசையில் இருக்கிறார் என்று பார்த்துத்தான் கதிரையை இழுப்பார்கள்.

"உதை ஆர் கேட்டது?"

"மலரக்கா எண்டு ஒரு ஆள். எயார்போட் கிச்சினிலை வேலை."

"ஊர்?"

"கேக்கேல்லை."

"புருசன் எங்கை?"

"கேக்கேல்லை அண்ணை."

"பின்னை என்னத்தைக் கேட்டனீ? பையின்ரை நீள அகலமோ?" துணியை வெளிச்சத்தில் பிடித்தார். "சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஒரு கூட்டத்தின்ரை கொடி. மஞ்சளும் பச்சையும் சேர்ந்தால் இன்னொரு கூட்டத்தின்ரை கொடி. மூண்டையும் சேர்த்து அடிச்சியெண்டால் ரெண்டு கூட்டமும் எங்கடை கதவைத் தட்டும்."

"பிள்ளையளின்ரை சட்டைக் கடை அண்ணை."

"கொடிக்குத் துணியும் துணிக்கடையிலைதான் வாங்கிறது. எயார்போட்டிலை கொண்டு வந்து தரச் சொன்னவவோ? இருநூறு பை? வாற ஆக்களுக்குக் குடுக்கவோ? உனக்கு விசா வரேல்லை எண்டது நினைவிருக்கோ?"

நினைவிருந்தது. அது நினைவில்லாத ஒரு மணி நேரம் அன்று எனக்கு இருந்ததில்லை.

நீங்கள் இதைச் சிரிப்பாகப் பார்க்கலாம். எங்களுக்கு நிறம் என்பது நிறமாக மட்டும் இருக்கவில்லை. ஒரு மஞ்சளைப் பார்த்தால் அதற்குப் பின்னால் நிற்பவர் யார் என்று பார்க்கப் பழகியிருந்தோம். பார்க்கத் தவறியவர்கள் சிலர் ஊரில் மண்ணுக்குள் இருந்தார்கள். ஆகவே நான் பயந்தது பிழை என்று இன்றும் சொல்ல மாட்டேன். பயந்த பிறகு செய்ததுதான் பிழை.

அவர் தந்திருந்த சமையற்கூடத்து எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஷிப்டில் இருக்கிறார், கூப்பிடுகிறோம், காத்திரு" என்றது ஓர் ஆங்கிலக் குரல். காதில் பாத்திரங்கள் மோதும் ஒலி. அரை நிமிடம் நின்றிருப்பேன். பிறகு மெதுவாக, ஏதோ நல்ல காரியம் செய்வதுபோல, வைத்துவிட்டேன்.

"ரோஸ் போடு" என்றார் செல்வம் அண்ணை. "ரோஸுக்கு இன்னும் ஒருத்தரும் இயக்கம் துவங்கேல்லை."

சிரித்தோம். மஞ்சளுக்குப் பதில் ரோஸ். சிவப்பு, ரோஸ், பச்சை. உண்மையைச் சொன்னால் வடிவாகவே இருந்தது. முதலாளி அம்மாகூட நின்று பார்த்துவிட்டுப் போனார். மஞ்சள் மை முடிந்துவிட்டது என்று சொல்லலாம் என்று தீர்மானித்தேன். பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு அடித்த வேலை எவ்வளவு நேர்த்தியாக வரும் என்று அன்றுதான் கண்டேன். ஒரு பையிலும் ஓரம் பிசகவில்லை.

சனிக்கிழமை பழுப்புத் தாளில் கட்டிய பொதிகளோடு ரயிலேறினேன். பயணிகள் வெளியே வரும் மண்டபத்தில் மலரக்கா ஏற்கெனவே நின்றிருந்தார். புதுச் சேலை, அதற்கு மேல் கோட்டு. தலைமயிர் குட்டையாக வெட்டப்பட்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். பொதியை வாங்கியதும் என்னைத் துரத்தாத குறை.

"வையுங்கோ தம்பி. சரி, நீங்கள் போங்கோ."

"பிரிச்சுப் பாக்கேல்லையோ அக்கா?"

"பேந்து பாக்கிறன். கெதியாய்ப் போங்கோ, உங்களுக்கு வேலை இருக்கும்."

ஏன் இந்த அவசரம்? போவதுபோல் நடந்து, தொலைபேசிக் கூண்டுகளுக்குப் பின்னால் திரும்பி நின்றேன். யாரிடம் கொடுக்கப் போகிறார் என்று பார்த்துவிட வேண்டும். அதைப் பார்த்துச் செல்வம் அண்ணையிடம் சொல்ல வேண்டும். நாங்கள் சந்தேகப்பட்டது சரி என்று எங்களுக்கு நாங்களே நிரூபிக்க வேண்டும். அந்த அவசரத்தில் வேலைச் சீட்டும் அதில் குத்திய துணியும் நான் கையில் கொண்டுவந்த வேலைக் கோப்பிலேயே இருந்துவிட்டன.

மலரக்கா தாளைக் கிழித்தார். ஒரு பையை எடுத்தார். பார்த்தார். யாரோ வேறொருவருடைய பொதியை வாங்கிவிட்டவர்போல அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பிறகு அடுத்ததை. பொதியின் அடிவரைக்கும் கையை விட்டு இழுத்தார். தரையெங்கும் பைகள். எல்லாவற்றிலும் ரோஸ். முழந்தாளில் இருந்துகொண்டு, இருநூறில் ஒன்றாவது மஞ்சளாக இருக்காதா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. எழுந்தார். ஒரு பையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ரோஸ் கீற்றை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றார்.

விமான நிறுவனச் சீருடையில் ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். அவள் போட்டிருந்த சட்டை சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. என் கோப்பில் இருந்த அதே துணி.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும் நான் நகரவில்லை.

"துளசி! நான் அம்மா, பிள்ளை! அம்மா!"

சிறுமி முகத்தைப் பார்க்கவே இல்லை. பையைப் பார்த்தாள். கைகளுக்கு நடுவே வழிந்த ரோஸைப் பார்த்தாள். சீருடைப் பெண்ணின் பின்னால் போய் நின்றாள்.

"இவ இல்லை" என்றாள்.

மலரக்கா அடையாள அட்டையை நீட்டினார். காகிதத்தில் பெயர் பொருந்தியது. ஆனால் சீருடைப் பெண் மலரக்காவின் பக்கம் நகர்த்தியபோதெல்லாம் பிள்ளை கத்தியது. "இவ இல்லை! நான் போகமாட்டன்!" மொழி தெரியாதவர்களுக்கும் அந்தக் கத்தலின் பொருள் தெரியும். ஓர் அதிகாரி வந்தார், இன்னொருவர் வந்தார். காகிதத்தையும் மலரக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். சிறுமியை ஒரு பக்கக் கதவை நோக்கி நடத்தத் தொடங்கினார்கள். மலரக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் ஒரே சொல்லாகச் சுருங்கியிருந்தது: "மை டோட்டர், மை டோட்டர்."

நான் எத்தனை நிமிடம் அந்தக் கூண்டுக்குப் பின்னால் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். தெரியும், சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் குரோய்டன் தந்த தற்காலிகக் கடிதம் நாலாக மடிந்து கிடந்தது. அதிகாரி ஒருவரிடம் நானாகப் போய் வாய் திறப்பது என்பது, அந்த நாட்களில் நான் கனவில்கூடச் செய்யாத காரியம். பக்கக் கதவு திறந்ததைப் பார்த்தேன். கால்கள் முன்னால் போய்விட்டன, நான் அவற்றின் பின்னால் போனேன்.

"நான் அவர்களுடைய மொழி பேசுவேன்" என்றேன் ஆங்கிலத்தில்.

"நீ யார்? உறவினரா?"

"இல்லை. அந்தப் பையை அச்சடித்தவன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "உன் காகிதம்?"

கொடுத்தேன். மூத்தவர் என் பெயரை ஒரு சிறு புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அந்தப் புத்தகம் எங்கே போனது, அதை யார் படித்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. விசா வந்து, குடியுரிமை வந்து, அச்சகம் மூடி, வேலையை விட்டு ஓய்ந்த பின்னும் சில காலைகளில் அதை நினைத்துக்கொள்கிறேன்.

சிறுமியின் உயரத்துக்குக் குனிந்தேன். "பிள்ளை, ஏன் இவ அம்மா இல்லையெண்டு சொல்லுறீங்கள்?"

"சின்னம்மா சொன்னவ. படத்தை நம்பாதே, ஆக்கள் மாறிப்போவினம். அம்மா தைச்சு அனுப்பின சட்டையிலை இருக்கிற மூண்டு நிறமும் பையிலை இருந்தால் அம்மா. ஒண்டு குறைஞ்சாலும் போகாதே. ஆர் கூப்பிட்டாலும் போகாதே. இனிப்புத் தந்தாலும்." மூச்சு வாங்கியது. "மஞ்சள் இல்லை."

மலரக்கா இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. தாயின் முகத்தை நீண்ட கூந்தலோடு ஒரு படத்தில் மட்டும் கண்ட பிள்ளை. யார் கூப்பிட்டாலும் போகக்கூடாத ஊரிலிருந்து, தனியாக, சொன்னதைச் சொன்னபடி காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தது. பிழையாக நடந்தது நான் ஒருவன்தான்.

கோப்பைத் திறந்து வேலைச் சீட்டிலிருந்து துணித்துண்டைக் கழற்றினேன். ஊசி விரலில் ஏறியது. "இதைப் பாருங்கோ. அம்மா எனக்குத் தந்தது. இந்த நிறத்திலைதான் அடிக்கச் சொன்னவ. நான்தான் மாத்திப்போட்டன்."

அவள் நம்பவில்லை. வாங்கிச் சட்டையின் ஓரத்தில் வைத்தாள். சிவப்போடு சிவப்பு. மஞ்சளோடு மஞ்சள். பிறகு துண்டின் பின்பக்கத்தைத் திருப்பினாள். சட்டையின் ஓரத்தையும் மடித்துப் பின்பக்கம் பார்த்தாள். சிவப்புத் துணியும் மஞ்சளும் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும். நான் ஐந்து நாள் பக்கத்தில் வைத்திருந்த துணி, நான் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

"ஏன் சிவப்புத் துணியைப் பச்சை நூலாலை தைச்சது?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை. முதன்முறையாக மலரக்காவைப் பார்த்து.

"சிவப்பு நூல் முடிஞ்சுபோச்சு பிள்ளை" என்றார் மலரக்கா. "கடைக்குப் போக நேரமில்லை. ஷிப்ட்."

சிறுமி யோசித்தாள். அதிகாரிகள் காத்திருந்தார்கள். அவள் போய் மலரக்காவின் கோட்டின் ஓரத்தை, அவர்மேல் விரல் படாமல், துணியை மட்டும் பிடித்துக்கொண்டாள். காகிதங்களில் கையெழுத்து ஆனது.

இருநூறு பைகளையும் அடுத்த வாரம் மறுபடி அச்சடித்தோம். செல்வம் அண்ணை மஞ்சளைக் கலந்தார், அவருடைய வாழ்நாளில் கலந்த மிகச் சுத்தமான மஞ்சள். அவர் பயந்ததிலும் உண்மை இருந்தது. கடை திறந்த மாதமே இரண்டு பேர் வந்து, "இந்த நிறம் எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்களாம். "ஆறு வயசு தொடக்கம் பன்ரண்டு வரைக்கும் சட்டை இருக்கு, உங்களுக்கு எந்த அளவு?" என்று கேட்டாராம் மலரக்கா. போய்விட்டார்கள். மூன்று நிறமும் அந்தக் கடையில் பிறகு பல வருடம் தொங்கின.

எனவே பிள்ளைகளே, சந்தேகப்படுங்கள். பளிச்சென்ற மூன்று நிறம் வந்தால் நன்றாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு மைப்பானையிடம் போகாதீர்கள். கேட்டவரிடம் போங்கள். தொலைபேசியில் அரை நிமிடம் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

அந்தச் சனிக்கிழமை விமான நிலையத்திலிருந்து மூவரும் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். ரோஸ் பைகள் என் கையில்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் தம்பி" என்றார் மலரக்கா. கோபம் இல்லை; களைப்பு.

"நீங்களும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அக்கா."

"பிள்ளை வாறது தெரிஞ்சால் ஆர் என்ன செய்வினமோ எண்டு பயம். உங்களை எனக்குத் தெரியாதே."

பேருந்து வந்தது. மலரக்கா ஏறினார். படியில் கால் வைத்த துளசி திரும்பி, கையிலிருந்த துணித்துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, இவ உண்மையாய் அம்மாதானே?"

"ஓம் பிள்ளை. அம்மாதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"துணி பொருந்தினதுதானே."

"பை பொருந்தேல்லையே" என்றாள்.